எழவுப் பாட்டு

பம்பாய்க்கு லாரி ஓட்டிப்போன அர்த்தநாரி, நடைபாதைக் கடையில் அட்டைப்படத்தை மட்டும் பார்த்து ஒரு ராக் கேசட்டை வாங்கிவந்தான். முடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரர்கள் அதில் முறைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாததால், டிரம்ஸ்காரனுக்கு அவனே காளியப்பன் என்று பெயர் வைத்துக்கொண்டான்.

சேந்தமங்கலத்து வீட்டில் அவனைத் தவிர யாருமில்லை. அன்று மாலை கேசட்டைப் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருகினான். மேளம் இடியாய் இடித்தது. பாடுகிறவன் தொண்டை கிழிய அலறினான்.

மூன்றாம் பாட்டு முடிவதற்குள் பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் தலையை அவிழ்த்துப் போட்டு, மாரில் அடித்தபடி ஓடிவந்தாள். பின்னால் தெருவே வந்தது.

"ஐயோ, என் சாமி, போயிட்டயே!" என்று அழுதவள், அவன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பதைக் கண்டு நின்றாள்.

"பாட்டுங்க அக்கா," என்றான்.

"இதா பாட்டு? கட்டையில போறவனே, எழவு ஊடுன்னு ஓடியாறோம்!"

திட்டிக்கொண்டே கொண்டையை முடிந்தாள். ஆனாலும் வந்தவர்கள் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார்கள். அம்மாவின் காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அத்தனை பேர் உட்கார்ந்தது அன்றுதான்.

மறுநாள் மாலை அர்த்தநாரி வாசலைக் கூட்டினான், பாய் விரித்தான், குடம் நிறையத் தண்ணீர் வைத்தான். அப்புறம் அதே கேசட்டைப் போட்டான். காளியப்பன் கை ஓயாமல் அடித்தான். மூன்றாம் பாட்டும் முடிந்தது.

தெருவில் யாரோ, "அங்க என்னங்க சத்தம்?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் சென்னியம்மாள். "அவன் நல்லாத்தான் இருக்கறான்."