நடுவில் வெட்டிய கம்பி

நாற்பது மீட்டர் அலைவரிசையில் ஆன்டெனா வேலை செய்கிறது. பதினைந்திலும் செய்கிறது. இடையிலிருக்கும் இருபதில் மட்டும் மாட்டேன் என்கிறது. அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி ஆன்டெனாவுக்குள் போகாமல் சுவரில் எறிந்த பந்தாகத் திரும்பி வருவதை மீட்டர் முள் காட்டியது.

தையல்காரர் மொட்டை மாடிக்கு ஏறி இறங்கிக் களைத்துப்போனார். நாற்பது மீட்டர் அலையில் சரிபாதியாக, இருபது மீட்டர் நீளக் கம்பி. நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் கேபிளில் இணைத்திருந்தார். எங்கும் துருவில்லை, அறுந்திருக்கவில்லை.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை காலையில தம்பி கூப்பிடுவான். போன வாரமும் அவன் கத்திக் கத்தி ஓஞ்சிருப்பான்," என்றாள் மனைவி. அவரைப்போல் அவளிடமும் அமெச்சூர் வானொலியில் பேசுவதற்கான உரிமம் உண்டு. சரக்குக் கப்பலில் பொறியாளராக இருக்கும் தம்பி அங்கே கட்டியிருப்பது இருபதுக்கான கம்பி மட்டும். நடுக்கடலில் அவன் குரல் கேட்க வேறு வழியில்லை. மாமா புதுக் கம்பி கட்டப்போவது கப்பல் ஏறும்போதே அவனுக்குத் தெரியும்.

"இருபதுக்குன்னு சின்னக் கம்பியா மாத்திடலாமே?"

"அப்புறம் சாயங்காலம் நாப்பதுல யாரு பேசறது?"

"ஆமாமா, உங்க அரட்டைக் கச்சேரி நின்னா உலகமே நின்னுடும்."

அந்தக் கச்சேரிக்காரர்களில் ஒருவர், பேட்டரி என்று பட்டப்பெயர் கொண்டவர், அதே நடுவிலிருந்து இருபதுக்கென்று இன்னொரு ஜோடி கம்பி தொங்கவிடச் சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் அது துணி காயும் கொடியில் சிக்கும். மாடி வீட்டம்மா ஏற்கெனவே முறைக்கிறார்.

மனைவி தையல் மேசையிலிருந்த சுருளிலிருந்து இடுப்புப்பட்டி எலாஸ்டிக்கை உருவினாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். எலாஸ்டிக் ஒரே வளைவாக ஆடியது.

"இதுதான் உங்க நாப்பது. முனைங்க ரெண்டும் அசையாது, நடுவுலதான் ஆட்டம் அதிகம். கம்பியில மின்னோட்டமும் இப்படித்தானே?"

வேகத்தைக் கூட்டினாள். எலாஸ்டிக் இரண்டு வளைவாகப் பிரிந்தது. ஒன்று மேலே போனால் மற்றது கீழே வந்தது. நடுப்புள்ளி மட்டும் அசையாமல் நின்றது.

"இது இருபது. நடுவைப் பாருங்க."

தையல்காரர் பார்த்தார். மின்னோட்டமே இல்லாத இடத்தில் கேபிளை இணைத்துவிட்டு, ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! இன்னும் வேகமாக ஆட்டியபோது மூன்று வளைவுகள் வந்தன. நடு மறுபடியும் ஆடியது. பதினைந்து வேலை செய்த காரணமும் தெரிந்துபோயிற்று.

"எதைப் பார்த்தாலும் ரெண்டா மடிச்சு நடுவுல கத்திரி வைக்கிற புத்தி. சட்டையா இது?"

"கைப்பழக்கம்," என்று சிரித்தபடி அவர் எலாஸ்டிக்கில் சாக்பீஸால் கோடு போட்டார், முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். "ஆட்டு."

ஒரு வளைவிலும் கோடு ஆடியது, இரண்டிலும் ஆடியது. மூன்று வளைவில் அசையவில்லை.

"பதினைஞ்சு போயிடும்," என்றார்.

"போகட்டும். அங்க நமக்கு யாரு இருக்கா?"

சனிக்கிழமை கடைக்கு அரைநாள் விடுமுறை. நடுவில் வெட்டியதைப் பற்றவைத்து ஒட்டினார். ஒட்டுப்போடுவது அவருக்குப் புதிதா என்ன!

ஞாயிறு காலை, இரைச்சலுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"அக்கா! கேக்குதா? மாமா கம்பியைத் தச்சு முடிச்சிட்டாரா?"

"முடிச்சிட்டாருடா! அளவு நான் எடுத்தேன்," என்றாள் அவள், நாற்காலியை இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டு.

திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீட்டர் முள் படுத்தே கிடந்தது. கம்பி அதே இருபது மீட்டர்தான். வெட்டு, முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில்; அந்த இடத்தையும் கேபிளையும் பொருத்த, நாலுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர். நாற்பதும் இருபதும் வேலை செய்கின்றன.