பன்னிரண்டு சுண்டு மா

"பயற்றம் மா எத்தினை கிலோ போடுறது?" என்று களஞ்சியக்காரர் கனகலிங்கம் பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டபோது பத்மாசனி கையிலிருந்த பால்பேணியைப் பார்த்தாள். அக்கராயனில் கலியாணமோ சாமத்தியமோ, இருபது வருசமாக அவள் கணக்கெல்லாம் சுண்டுதான். பேணியில் அள்ளித் தலை வழித்தால் ஒரு சுண்டு. இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பணியாரம் சுடச் சாமான் தருகிற சங்கமோ கிலோவில் சொல்லு என்கிறது. குசினிப் பொறுப்பு யாருக்கென்பதும் இன்றைய பணியாரத்தைப் பார்த்துத்தான்.

பக்கத்தில் புனிதமலர் நின்றாள். நாயாற்றுக் கடற்கரையிலிருந்து ஓடிவந்து ஆறு மாதம் ஆகவில்லை. மீனைக் கையில் தூக்கியே நிறை சொல்லிப் பழகியவள். அந்தக் கை இப்போது அரிசிக்கும் பருப்புக்கும் சொல்லுகிறது. "பத்மாக்கா, உப்புப் பாருங்கோ" என்று முந்தி வந்த பெண்களெல்லாம் புனிதமலரைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக் கேட்டால் பத்மாசனி சட்டிகளைத் தட்டித் தட்டி அடுக்குவாள்.

"பன்னிரண்டு சுண்டு மா. நாலு சுண்டு ஒரு கிலோ. மூண்டெண்டு எழுதுங்கோ."

"அக்கா, அது அரிசிக்கெல்லே? வறுத்த மா பஞ்சு மாதிரி. ஒருக்கா நிறுத்துப் பாப்பமே?"

"உன்ரை தராசிலை வைச்சால் மாவும் சூடை மீன் மணக்கும், பிள்ளை."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். புனிதமலரும் சிரித்தாள். அதுதான் பத்மாசனிக்குப் பொறுக்கவில்லை.

மூன்று கிலோ மாவும் வந்தது. பன்னிரண்டு சுண்டுக்குரிய சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஊற்றினாள். உருட்டினால் நிற்கவில்லை, புற்று மண்போல விரலுக்குள்ளால் உதிர்ந்தது. இன்னொருதரம் இறுக்கிப் பிடித்தாள். அதுவும் உதிர்ந்தது. புனிதமலரும் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அளவு பிழைத்ததைவிட, அது யார் கண்முன்னே பிழைத்தது என்பதுதான் அவளைச் சுட்டது.

புனிதமலர் கிட்ட வந்தாள். உருட்டும்போது தொட எடுத்துவைத்த மாவில் ஒரு சுண்டு அள்ளித் தராசில் வைத்துப் பார்த்தாள். கால் கிலோப் படிக்கல்லுக்குக் கிட்டவும் வரவில்லை. "ஒரு கிலோ மா கூடிப்போச்சு" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கனகலிங்கத்திடம் மன்றாடிச் சர்க்கரை வாங்கி இன்னொரு பாகு காய்ச்சினாள். உருண்டைகள் திரண்டன. நினைத்ததைவிட ஐம்பது கூட.

சுட்டெடுத்ததில் கனகலிங்கம் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "அச்சா! ஆரின்ரை அளவு இது?"

பத்மாசனி வாய் திறக்குமுன், "அக்கா சொன்னவா, நான் கிண்டினனான்," என்றாள் புனிதமலர்.

"அப்ப பத்மாசனிதான் பொறுப்பு," என்று அவர் கொப்பியில் எழுதினார். விரும்பியது கிடைத்துவிட்டது. புனிதமலர் போட்ட பிச்சையாக. ஏசியிருந்தாலாவது திருப்பி ஏசியிருக்கலாம்.

வெளியே பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போன புனிதமலரின் கன்னத்தில் காதோரம் வரைக்கும் மா இழுபட்டிருந்தது. துடை என்று சொல்ல வாயெடுத்தாள் பத்மாசனி. சொல்லவில்லை. வாசல் வெயிலில் நின்று புனிதமலர் திரும்பிச் சிரித்தாள். அந்த மாவும் அவளுக்கு வடிவாய்த்தான் இருந்தது.