ஆதிமனிதனின் கடைவாய்ப்பல்

தென் அமெரிக்காவின் படகோனியாக் காற்றிடம் தலைமுடியைப் பறிகொடுத்தாலும், தலைக்கனத்தை மட்டும் ஒரு இழைகூட உதிராமல் காப்பாற்றி வைத்திருந்தவர் டாக்டர் உர்கியேத்தா. ஓடைக்கரையில் அவர் தோண்டியெடுத்த ஒற்றைக் கடைவாய்ப்பல் ஊரையே கிறுகிறுக்க வைத்திருந்தது.

"ஆட்டுப் பல்லுல முகடு பிறை மாதிரி வளைஞ்சிருக்கும். பூமாச் சிறுத்தைக்குக் கத்தி மாதிரி. இதைப் பாருங்க, மழுங்கின நாலு மேடு! மனுஷன்! உலகத்தோட முதல் மனுஷன்!" என்று அவர் முழங்கியதில் மேயர் பால்தொமேரோ சொக்கிப்போய், அருங்காட்சியக வாசலில் ஆதிமனிதனுக்குச் சிலையே வைத்துவிட்டார். முகத்துக்கு மாதிரியாக டாக்டரே போய் நின்றார். நாளை திறப்பு விழா. திரை விலகினால் உலகப்புகழ்.

"ஒத்தப் பல்லுக்கு உடம்பு, முகம், மீசை எல்லாம் முளைச்சிருச்சே!" என்றாள் சக ஆய்வாளர் சுலேமா. யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று மதியம் கூடாரம் போட்டு விருந்து. அந்த ஊரில் பிறந்தாலும் ஆட்டுக்குட்டி, செத்தாலும் ஆட்டுக்குட்டி. டாக்டர் ஆராய்ந்த வாய்களும் ஆடு, குதிரை, பூமாவோடு சரி. "உங்களுக்குப் போய் ஆடா, டாக்டரே?" என்று மேயர் எங்கிருந்தோ பன்றியை வரவழைத்து நெருப்பில் வாட்டி, விருந்தின் நாயகனுக்கே உரிய தலையை அவர் தட்டில் வைத்தார்.

டாக்டர் கன்னத்துக் கறியைக் கிள்ளினார். தாடை பிளந்தது. உள்ளே மழுங்கின நாலு மேடு. முகட்டுக்கு முகடு, பள்ளத்துக்குப் பள்ளம், அச்சு அசல் ஆதிமனிதன்!

வியர்த்து விறுவிறுத்து, தாடையை மேசைக்கடியில் கிடந்த நாய்க்கு நழுவவிட்டார். தின்று சலித்த நாயோ அதைக் கவ்விப் போய்ச் சுலேமாவின் காலடியில் வைத்து வாலாட்டியது.

அவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "டாக்டரே, உங்க ஆதிமனுஷனை மேயர் சுட்டே வச்சுட்டாரே! உப்பு சரியா இருக்கா?"

கூடாரமே சிரிப்பில் குலுங்கியது. டாக்டர் நாற்காலிமேல் ஏறினார்.

"நண்பர்களே! மனுஷன் எந்த ஊர்லயும் கிடைப்பான். நான் கண்டுபிடிச்சது உலகத்தோட முதல் பன்னி!"

"அப்பாடா, 'முதல்' இருக்குல்ல, அது போதும்!" என்று மேயர் கைதட்டினார். "ஆனா சிலை?"

"அதை ஏன் வீணாக்கணும்?" என்றாள் சுலேமா. "மூக்கை மட்டும் மாத்துங்க."

பன்றி மூக்காக மாற்றினார்கள். மறுநாள் திரை விலகியது. சிலை பழைய மூக்கோடு இருந்தபோது அது யாரென்றே தெரியாமல் விழித்தவள் சிற்பியின் மனைவி. அவள்தான் முதலில் கத்தினாள்:

"அட, நம்ம டாக்டர்!"