எதிராளிக்கு அட்சதை

சதுரங்கத்தில் தோற்கப்போகும் நேரம் பார்த்து மௌன விரதம் பூணும் எதிராளியை நீங்கள் கண்டதுண்டா? காக்ஸ் டவுன் வைத்தீஸ்வரனுக்கு அப்படி ஒருவன் வாய்த்திருந்தான். அவன் மனிதன் அல்லன். கூடத்தின் கிழக்கு மூலையில் மேஜைமேல் படுத்திருந்த பழைய கம்ப்யூட்டர்.

பொதுப்பணித் துறையில் பாலங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் வைத்தீஸ்வரன். அந்தக் கம்ப்யூட்டரோடு பல வருஷங்களாக மோதி, ஒருமுறைகூட வென்றதில்லை. இப்போதுதான், முதன்முறையாக, ஒரு யானை அதிகம் வைத்துக்கொண்டு வெற்றியின் வாசலில் நின்றார். எதிராளியின் முறை வந்தது. திரையில் ஒரு சிறு வட்டம் சுழலத் தொடங்கியது. காபி ஆறிற்று, வட்டம் நிற்கவில்லை. அணைத்துவிட்டு மீண்டும் போட்டால், ஆட்டம் விட்ட இடத்திலேயே எழுந்து, விட்ட இடத்திலேயே உறைந்தது.

அந்த நேரம் பார்த்து நவராத்திரியும் வந்துகொண்டிருந்தது.

"ஏன்னா, சனிக்கிழமை கொலுப்படி கட்டணும். அந்த மூலை எனக்கு வேணும்" என்றாள் அவருடைய மனைவி ராஜலக்ஷ்மி. "இந்தத் தகர டப்பாவைக் குஜரிக்காரன்கிட்ட போட்டுடுங்கோ. பழைய சாமான்னு எதையாவது குடுப்பான்."

"ஒரே ஒரு தடவை ஜெயிச்சுக்கறேன் ராஜி. ஜெயிச்ச மறு நிமிஷம் நானே தூக்கிக் குடுத்துடறேன்."

"சனிக்கிழமைக்குள்ள அது வாயைத் திறக்கலேன்னா?"

"அப்பவும் குடுத்துடறேன்."

ஒப்பந்தம் முடிந்தது. தோற்றால் என்ன என்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஒரு யானை அதிகமாக இருக்கும்போது அதை யார் பேசுவார்?

மாடிவீட்டு நாகேஷ் வந்து பார்த்தார். கன்னடக்காரர், வங்கி அதிகாரி, எந்த இயந்திரத்தைக் கண்டாலும் சட்டைக்கையை மடித்துக்கொள்பவர். "மெமரி கம்மி சார், அதுக்கு மூச்சு வாங்குது. இன்னொரு ரேம் கார்டு போடுங்க. ஜட்கா குதிரை ரேஸ் குதிரை ஆயிடும்!"

ஓர் ஊரில் ஒரு மல்லன் இருந்தானாம். அவனுடைய எதிரி காய்ச்சலில் படுத்துவிட, நோயாளியை வீழ்த்துவதில் புகழில்லை என்று சொல்லி, இவனே பாலும் பாதாமும் வாங்கிப்போய் அவனுக்கு ஊட்டினானாம். அந்தக் கதையின் முடிவை வைத்தீஸ்வரன் கேட்டதில்லை போலும். பழைய கார்டை மாதிரிக்குக் கழற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே கடை வைத்திருந்த சரவணன், அதற்கு ஜோடியாக ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

வெயில் காலத்தில் சூடாகிறது என்பதற்காக, அந்தக் கம்ப்யூட்டரின் மேல்மூடி எப்போதோ கழற்றப்பட்டிருந்தது. வருஷம் முழுவதும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கிடப்பது அதன் வழக்கம். துண்டை நீக்கி, பழைய கார்டை அதன் இடத்தில் செருகினார் வைத்தீஸ்வரன். பக்கத்தில் காலியாக இருந்த பள்ளத்தில் புதியதை வைத்தார். அது பாதிதான் இறங்கியது.

"ஒத்தி சார், நல்லா ஒத்தி!" என்று கன்னடத்தில் கூவி, நாகேஷ் தாமே கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

பொத்தானைத் தட்டியும் திரை இருண்டே இருந்தது. உள்ளிருந்து 'கீ... கீ... கீ...' என்று ஓர் ஓலம் மட்டும் எழுந்தது.

"குக்கரா அது?" என்றாள் ராஜலக்ஷ்மி, அடுக்களையிலிருந்து.

"கார்டு டூப்ளிகேட் சார்! உங்க வயசைப் பாத்து ஏமாத்திட்டான்" என்று தீர்ப்பளித்தார் நாகேஷ்.

வைத்தீஸ்வரன் மீண்டும் பஸ் ஏறினார். கடை வாசலில் நின்று நியாயம், தர்மம், நுகர்வோர் உரிமை என்று மூன்றைப் பற்றியும் உரத்த குரலில் பேசினார். சரவணன் அந்தக் கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். அது ஓடியது. "வேற கார்டு வேணுன்னாலும் தரேன் சார். ஆனா இதுல ஒரு குறையும் இல்ல" என்றார். கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல், அதையும் கார்டையும் சுமந்துகொண்டு வீடு திரும்பினார் வைத்தீஸ்வரன்.

சனிக்கிழமை விடிந்தது. கொலுப்பலகைகள் பரணிலிருந்து இறங்கின. தெருவில் குஜரிக்காரரின் தள்ளுவண்டி வந்து நின்றது.

"கடைசியா ஒரு தடவை நானும் பாத்துடறேன்" என்று டார்ச் விளக்கோடு வந்தாள் ராஜலக்ஷ்மி. கல் பொறுக்கும் கண்ணோடு குனிந்தவள், அப்படியே நின்றாள். "ஏன்னா, இந்தப் பள்ளத்துக்குள்ள என்ன மஞ்சளா?"

"ஒயரா இருக்கும்."

"ஒயர் இல்லை. அரிசி."

வருஷந்தோறும் ஆயுத பூஜையன்று அந்தத் துண்டை விலக்குபவர் வைத்தீஸ்வரனே. ஆசீர்வாதம் தகரத்தின்மேல் விழுந்து என்ன பயன், நெஞ்சில் விழவேண்டாமா என்பது அவருடைய கட்சி. ஆகவே கைநிறைய அட்சதையைத் திறந்த வயிற்றுக்குள்ளேயே தூவுவார். சந்தனம், குங்குமத்தை மட்டும் நல்லவேளையாக வெளியே வைத்திருந்தார்.

ராஜலக்ஷ்மி ஓர் ஈர்க்குச்சியால் கிளறக் கிளற, மஞ்சள் மணிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

"நெஞ்சுல போடணும்னு சொன்னது யாரு?"

"ஒட்டிக்கட்டும்னு நெய் விட்டுப் பிசைஞ்சது யாரு?"

"சார், இன்னும் கொஞ்சம் தேறினா பொங்கலே பண்ணலாம்" என்றார் நாகேஷ். தாம் அளித்த தீர்ப்பை அவர் அப்போது நினைவுகூரவில்லை.

பள்ளம் சுத்தமாயிற்று. கார்டு 'டக்' என்று உட்கார்ந்தது. திரை ஒளிர்ந்தது. வைத்தீஸ்வரன் உடனே சரவணனுக்குப் போன் போட்டு, "கார்டு நன்னா வேலை செய்யறது, நான்தான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்" என்றார். அரிசியைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழைய ஆட்டம் எழுந்தது. வட்டம் அரைச்சுற்றுக்கூடச் சுழலவில்லை. எதிராளியின் குதிரை பாய்ந்தது. வைத்தீஸ்வரன் சிரித்துக்கொண்டே ஒரு சிப்பாயைத் தின்றார். குதிரை மறுபடி பாய்ந்தது. அவருடைய சிரிப்பு சற்றுச் சுருங்கியது. இத்தனை வருஷமும் மூச்சுத் திணறத் திணறவே அவரை வென்றுவந்த எதிராளிக்கு, இப்போது நெஞ்சு நிறையக் காற்று. மல்லன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்! அதிகமாயிருந்த யானை ஒரு மூலையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே வழியின்றி அகப்பட்டுக்கொண்டார்.

"ஜெயிச்சாச்சா? குஜரிக்காரன் கூப்பிடறான்" என்றாள் ராஜலக்ஷ்மி.

"தோத்துட்டேன்."

"ஒரு யானை ஜாஸ்தின்னேளே?"

"அது யோசிக்க ஆரம்பிச்சுடுத்து ராஜி."

அவள் இடுப்பில் கைவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வேணும்னே தோத்தேளா?"

"குலதெய்வத்து மேல ஆணையா இல்லை!" அவர் குரலில் இருந்த துக்கம் பொய்யாக இருக்க முடியாது. ஆயினும், மெல்ல ஓர் எண்ணம் உதித்து அவர் முகம் தெளிந்தது. "ஆனா, ஜெயிச்சாத்தானே குடுக்கறதா பேச்சு?"

ராஜலக்ஷ்மி ஒப்பந்தத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். வாயைத் திறக்காவிட்டால் போகவேண்டும், திறந்துவிட்டது. ஜெயித்தால் போகவேண்டும், ஜெயிக்கவில்லை. பழைய செய்தித்தாள்களை மட்டும் கொடுத்துக் குஜரிக்காரரை அனுப்பிவைத்தாள்.

மூலைச் சிக்கல் வேறுவிதமாகத் தீர்ந்தது. கம்ப்யூட்டருக்கு மேல்மூடி திரும்ப வந்தது. மூடியின்மேல் சிவப்புத் துணி விரிந்தது. அதுவே கொலுவின் கீழ்ப்படி ஆயிற்று. தலையாட்டிப் பொம்மைகளான செட்டியாரும் அவர் மனைவியும் அதன்மேல் கடை பரப்பினார்கள். காலையில் வைத்தீஸ்வரன் ஆட்டத்துக்கு உட்காரும்போதெல்லாம், உள்ளே விசிறி சுழல, செட்டியாரின் தலை 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆடியது.

ஆயுத பூஜை வந்தது. தீபாராதனை முடிந்ததும் வைத்தீஸ்வரன், பழக்கதோஷத்தில், ஒரு கை நிறைய அட்சதையோடு, செட்டியார் தம்பதியை ஓரமாக நகர்த்திவிட்டு, சிவப்புத் துணியையும் மேல்மூடியையும் தூக்கினார்.

"சார்!" என்று பிரசாதத் தொன்னையோடு அலறினார் நாகேஷ்.

ராஜலக்ஷ்மி அலறவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருப்பி, அதிலிருந்த அட்சதை முழுவதையும் அவர் தலையிலேயே கொட்டினாள்.

"வருஷா வருஷம் எதிராளியை ஆசீர்வாதம் பண்ணிட்டு, ஜெயிக்கலை ஜெயிக்கலைன்னா எப்படின்னா ஜெயிப்பேள்?"