கண்ணாடித் தொட்டியில் பேத்தமங்கலம் ஏரி

துரைசானிக்கு மீன் வளர்க்க ஆசை வந்தது, என் உயிர் போனது. மதராஸிலிருந்து ரயிலில் வந்த கண்ணாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி, ஆறு கெண்டைக் குஞ்சுகளை விட்டார்கள். மூன்றாம் நாள் ஆறும் செத்தன. மறுபடி ஆறு விட்டார்கள், அவையும் செத்தன. பங்களா பெருக்குகிறவள் நான், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடிந்தால்தானே!

"காய்ச்சின தண்ணியில அது இன்னாத்த மூச்சு விடும்? சேறு வேணும், பாசி வேணும், ஒளிஞ்சிக்கக் கல்லு வேணும்" என்று பட்லர் ஆபிரகாமிடம் கத்தினேன். அவர் அதை அப்படியே உள்ளே போய் இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்தார்.

"அப்போ நீயே பண்ணணுமாம், ரத்தினம்மா. பேத்தமங்கலம் ஏரி எப்படி இருக்குதோ அப்படியே தொட்டிக்குள்ள வேணுமாம். அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வர்றவங்க பாக்கணுமாம்."

"பண்றேன். எங்க வூட்டுக்காரருக்கு மேல வேலை போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

"தசரதனுக்கா? கேட்டுப் பாக்கறேன்."

என் வீட்டுக்காரர் ஐந்து வருஷமாகத் தங்கச் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிறார். தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். இன்னும் ஒரு வருஷம் கீழே இறங்கினால் ஆள் தாங்கமாட்டார். மேலே மரக்கிடங்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. விருந்தன்று மீன் உயிரோடு இருந்தால் அந்த வேலை அவருக்கு என்று சுரங்க மேனேஜரான துரை ஒப்புக்கொண்டார்.

ஒரு மாதம் அந்தத் தொட்டியோடு மாரடித்தேன். அடியில் ஏரிச் சேறு, அதன் மேல் சரளை. வேலம்பாசியைக் கல்லில் கட்டி இறக்கினேன். கெளுத்தி பதுங்க மூலையில் கற்களை அடுக்கினேன். தண்ணீர் தெளியப் பத்து நாள் காத்திருந்து, பதினோரு மீன் விட்டேன். நான் இந்தப் பக்கம் திரும்பினால் ஆபிரகாம் அந்தப் பக்கம் ரொட்டித் தூளைக் கொட்டுவார். "அய்ய, இது மீனா, உங்க மாமனாரா? இப்படி விருந்து வைக்கிறீங்க!" சமையல்காரி நத்தைகளைப் பூச்சி என்று பொறுக்கி எறிவாள். நான் மறுபடி போய்ப் பிடித்து வருவேன். இத்தனைக்கும் நடுவில் ஏரி அமைந்துவிட்டது. கெண்டைகள் பாசிக்குள் புகுந்து புகுந்து வந்தன, அயிரைகள் சரளையைக் கிளறின.

விருந்துக்கு இரண்டு நாள் இருக்கையில் துரைசானி மூக்கைச் சுளித்தாள். அடியெல்லாம் கறுப்பாக இருக்கிறதாம், வெள்ளை மணல் பரப்ப வேண்டுமாம். வீட்டுக்குப் போய் அவரிடம் கத்தித் தீர்த்தேன். சனிக்கிழமை விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு பாலாற்றுக்கு நடந்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் தலைச்சுமையோடு பங்களாவுக்குள் நுழைந்தால், தொட்டியில் ஏற்கெனவே வெள்ளை மணல் பரப்பியிருந்தது. பதினோரு மீனும் செத்து மிதந்தன.

"தசரதன்தான் ஷிப்ட் முடிஞ்சி கொண்டாந்தான்" என்றார் ஆபிரகாம். "அவ்ளோ தூரம் நடக்குறாளே, அவ வர்றதுக்குள்ள வேலையை முடிச்சிடலாம்னான். ஆத்து மணல்னு சொன்னான், நான் கொட்டிட்டேன்."

கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். மாவு போல நைசாக இருந்தது. ஆற்று மணல் இப்படியா இருக்கும்? பொன்னை எடுத்த பிறகு மில்லுக்குப் பின்னால் கொட்டுகிற சயனைடு மணல் அது. அந்த மேட்டில் புல்கூட முளைக்காது, ஆடு மேய்ப்பவர்கள் அந்தப் பக்கமே ஓட்டமாட்டார்கள். பகலெல்லாம் பூமிக்குள் கிடக்கிற மனுஷனுக்கு அது விஷம் என்று எங்கே தெரியும்! மிச்சம் மீதிப் பொன் இருக்கும் என்பதால் அதில் ஒரு பிடி எடுத்தாலும் பொன் திருட்டு என்று ஜெயிலில் போடுவார்கள். துரை பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அழக்கூட நேரமில்லை. அதை வழித்தெடுத்து ரோஜாச் செடிகளுக்கு அடியில் புதைத்தேன். என் ஆற்று மணலைத் தொட்டியில் பரப்பினேன். ஆபிரகாம் கூடையைப் பிடித்துக் கொடுத்தார். துரைசானி வந்து பார்த்தாள்.

"யார் மணல் போட்டது?"

"நான்தாம்மா."

"முட்டாள்" என்று தமிழிலேயே திட்டிவிட்டு உள்ளே போனாள். பாலாற்று மணலில் ஒரு குற்றமும் கிடையாது என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

இன்றைக்கு அந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டே ஊரிகம் கூலி லைனில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆணியில், சுரங்கத்துக்குள் இறங்கும்போது அவர் போட்டுக்கொள்கிற மெழுகுவத்தித் தொப்பியைக் காணோம்.

"தொப்பி எங்கய்யா?"

"பக்கத்து வூட்டுக் காத்தவராயனுக்குக் குடுத்துட்டேன். இனிமே எனக்கு அது இன்னாத்துக்கு?"

"மீனெல்லாம் செத்துப் போச்சு."

அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு எழுந்து கத்தினார். "ஒரு மாசமா அந்தத் தொட்டியையே கட்டிக்கினு அழுதியே, நாலு மீனைக் காப்பாத்தத் தெரியலையா உனக்கு?"

உன் மணல்தான்யா, உன் மணல்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றார்.

"தெரியலைய்யா" என்றேன்.

இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, அந்தத் தொப்பியைக் குடுங்க. திங்கக்கிழமை அவருக்கு ஷிப்ட் இருக்குது."