அல்சீத் கடைக்கு வளைந்த சாலை

அல்சீத்தின் ரம் கடையில் காலையிலேயே டோமினோ ஆட்டம் சூடுபிடித்துவிடும். கட்டையை மேசைமேல் அறைகிற சத்தத்தில் எதிர்மலை ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிக் கடலில் விழுந்ததுண்டு. அன்றைக்கு மட்டும் ஒருவரும் கட்டையைத் தொடவில்லை. எல்லோரும் வாசலில் நின்று, தரையில் அடித்திருந்த ஒரு சிவப்புக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடலோர நகரத்திலிருந்து எங்கள் மோர்ன் கப்ரி மலையூருக்குச் சாலை வரப்போகிறது. அதன் நடுக்கோட்டைக் காட்டத்தான் அந்தக் குச்சிகள். ஒரு குச்சி கடையின் முன்வாசலில் நின்றது. அடுத்தது கொல்லைப்புறத்தில் நின்றது. இரண்டுக்கும் நேர் நடுவே அல்சீத்தின் கல்லாப்பெட்டி.

"கொம்பே அல்சீத், ரோடு முன்வாசல்ல நுழைஞ்சு, உன் கடையில ஒரு கிளாஸ் அடிச்சிட்டு, பின்வாசல் வழியா போகுது போல. காசு குடுக்குமா, கடன் சொல்லுமா?" என்றான் பொலிதோர். அவன் பிள்ளைக்கு அல்சீத் ஞானத்தகப்பன். அந்த உறவில் வருவதுதான் கொம்பே. அந்த உறவில்தான் இவ்வளவு நக்கலும்.

"சிரிங்கடா, நல்லா சிரிங்க. ரோட்டைக் கொண்டு வர்றது யாரு? மிஸ் ஒனோரின். அந்த மிஸ் ஒனோரினைக் கொண்டு வந்தது யாரு? இதோ, இந்தச் சங்கு!"

சுவரில் தொங்கிய சங்கைக் காட்டினான் அல்சீத். மீன் வந்தாலும், யார் வீட்டையாவது தூக்கி நகர்த்த ஆள் தேவைப்பட்டாலும் எங்கள் ஊரில் சங்குதான் ஊதுவார்கள். தேர்தல் சமயத்தில் அல்சீத் அதை ஊதிய ஊதலில் அவன் கன்னம் இரண்டும் சீமைப்பலா அளவுக்கு வீங்கி, கிறிஸ்துமஸ் வரைக்கும் வடியவில்லை.

மிஸ் ஒனோரின் தெல்சோல் எங்கள் பிரதம மந்திரி. அதற்கு முன்னால் மலையூர்களில் பிரசவம் பார்த்த நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "வீட்டுல அதட்ட ஆளில்லாம நாட்டையே அதட்டுது இந்தப் பொம்பளை" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி செய்வார்கள், அவர் அடுத்த தெருவில் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு. அவர் ஒரு அதட்டுப் போட்டால் துறைமுகத்துக் கப்பல் நாலடி பின்வாங்கும். வாழைக்காய் வாங்க வருகிற வெள்ளைக்காரக் கம்பெனியை எங்கள் கண்முன்னால் எடை போட வைத்தவர் அவர்தான். மந்திரிகளின் நீளக் கார்களை விற்று, மலைக்கு மின்கம்பம் ஏற்றியவரும் அவர்தான்.

சாலை அவருடைய பிடிவாதம். நோயாளியைத் தொங்கல்படுக்கையில் கிடத்தி, மூங்கிலில் கோத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி மலையிறக்குவதுதான் அதுவரை எங்கள் ஆம்புலன்ஸ். நர்ஸாக இருந்த காலத்தில் அவரும் அந்த மூங்கிலுக்குத் தோள் கொடுத்திருக்கிறார்.

அப்போது தலையில் வாழைத்தாருடன் மா யூஃபெமி அந்த வழியாக வந்தாள்.

"உன் கடை எங்க இருந்தா எனக்கென்ன அல்சீத்? மழைக்கு முன்னாடி ரோடு வந்தாப் போதும். என் மக ரோசெலினுக்கு இது தலைப்பிரசவம். அவளாவது மூங்கில்ல தொங்காம போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனாள்.

அல்சீத்துக்கு அது காதில் விழவில்லை. கடை வாசலில் அவன் போட்டிருந்த சிமெண்டுப் படி அவன் கண்ணில் நின்றது. ஊரிலேயே வேறு யாருக்கும் சிமெண்டுப் படி கிடையாது. மாலையில் அதில் உட்கார்ந்தால் தானே கவர்னர் என்று அவனுக்குத் தோன்றும். மறுநாளே நல்ல சட்டை போட்டுக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பினான்.

மிஸ் ஒனோரின் அவனை உட்காரச் சொல்லி, கோகோ கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ரோடு நடக்காது, அல்சீத். உன் கடை நடக்கும்."

"மிஸ் ஒனோரின்..."

"சுவர் பலகை, தரை பலகை, நாலு மூலைக்கும் கல்லு. ஊரே சேர்ந்து தூக்கினா எதிர்ப்பக்கம் போய் உக்காந்துக்கும். எத்தனை வீட்டை அப்படித் தூக்கியிருக்கோம்?"

"எனக்காக ஒரு சின்ன வளைவு. உங்களுக்காக எவ்வளவு ஊதினேன்!"

"வளைச்சா அது எங்க போகும்? யூஃபெமியோட சேப்பங்கொல்லை வழியாத்தான். அது ஊத்து மண்ணு, உனக்கே தெரியும். அதுவுமில்லாம உனக்கு ஒண்ணு வளைச்சா, நாட்டுல இன்னும் எத்தனை பேருக்கு வளைக்கணும்? கோழிக்குடல் மாதிரி ஆயிடும் என் ரோடு." எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "போ. சங்கை ஊது. கடையைத் தூக்குங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்கு ஊர் சிரிப்பதுதான் கேட்டது. கடையில் பொலிதோர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்ன கொம்பே, உன் மிஸ் ஒனோரின் என்ன சொன்னாங்க?"

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சிமெண்டுப் படியில் கால் வைத்ததும் உள்ளே போய்விட்டது.

"என்ன சொல்வாங்க? 'அல்சீத், உனக்கில்லாத வளைவா'ன்னாங்க!"

சாலை வேலையைப் பார்க்கிற ஓவர்சியர் கஸ்டாவ் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஏதாவது உத்தரவு, கையெழுத்து...?"

"பிரதம மந்திரி வாய்வார்த்தைக்கு நீங்க கையெழுத்து கேப்பீங்களா? அப்ப அவங்ககிட்டயே சொல்லட்டுமா, மிஸ்டர் கஸ்டாவ்?"

பழைய ஆட்சியில் கட்சிக்காரனிடம் இப்படிக் கேட்ட ஒரு ஓவர்சியரை, கடற்பறவை மட்டுமே குடியிருக்கிற பாறைக்கு மாற்றினார்கள். அந்த மனிதர் பறவைபோலக் கத்தக் கற்றுக்கொண்டுதான் திரும்பி வந்தார். கஸ்டாவுக்குக் குடும்பம் இருந்தது. குச்சிகளைப் பிடுங்கி, வளைத்து நட்டார்.

மா யூஃபெமி சேப்பங்கொல்லையில் குறுக்கே நின்றாள். "சேம்பு விளையுற சேத்துல ரோடா? உங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"மேலிடத்து உத்தரவு, மா" என்றார் கஸ்டாவ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்த மண்ணைப் பற்றி ஊரில் தெரியாதவர் கிடையாது. தொட்டில் பிள்ளைக்கும் தெரியும், கோழிக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் வாய் திறக்கவில்லை. அவரவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அல்சீத்துக்கு வளைத்தவர் நமக்கும் ஒரு வடிகால் கட்டித் தரமாட்டாரா என்று பொலிதோர் நினைத்தான். இன்னொருவன் தங்கை மகனுக்குச் சுங்கத்தில் வேலை வாங்கலாம் என்று நினைத்தான். யூஃபெமி மட்டும் மிஸ் ஒனோரின் இருக்கிற நகரத்துத் திசையைப் பார்த்து, "நீயும் அப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

சாலை வந்தது. திறப்புவிழாவுக்கு ஒரு மந்திரி வந்து ரிப்பன் வெட்டினார். முதல் ஜீப்பைப் பார்த்து எங்கள் ஊர்க் கழுதைகள் வேலைக்கு மனுக் கொடுப்பதுபோல வரிசையில் நின்றன. அல்சீத் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, வருகிற வண்டிக்கெல்லாம் கையசைத்தான். பிறகு மழை வந்தது.

விடாமல் பெய்த மழையில் வளைவு மட்டும் ஒரு விடியற்காலையில் சரிந்து பள்ளத்தில் இறங்கியது. போகும்போது பழைய ஒற்றையடிப் பாதையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. அன்று காலைதான் ரோசெலினுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி ஜீப் சரிவின் கீழ்ப்பக்கம் வந்து நின்று ஹாரன் அடித்தது. மேலே நாங்கள் மறுபடி மூங்கிலைத் தேடினோம். தொங்கல்படுக்கையைத் தூக்கிய ஆண்கள் தொடை வரை சேற்றில் புதைந்தார்கள். அல்சீத்தும் தூக்கினான். ஜீப்பின் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை எட்டத்தான் முடியவில்லை.

ரோசெலின் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. இதில் நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

மழை விட்டதும் மிஸ் ஒனோரின் வந்தார். சரிவுக்குக் கீழே காரை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் ஏறி வந்தார். ஊர் முழுக்க அங்கே கூடியிருந்தது. யாரும் கை கொடுக்கவில்லை.

"கட்சிக்காரன் ரம் கடைக்காக ரோட்டை வளைச்சீங்களே, இப்ப வந்து பாருங்க!" என்று பொலிதோர் கத்தினான்.

மா யூஃபெமி கத்தவில்லை. அவர் எதிரில் வந்து நின்றாள். "என் வயித்துல இருந்து ரோசெலினை எடுத்தது உங்க கைதான். அந்தக் கையாலதான் இதை வளைச்சீங்களா?"

மிஸ் ஒனோரின் சாலையின் நேர்க்கோட்டைப் பார்த்தார். அது கடை வரைக்கும் வந்து ஒதுங்கிப் போயிருந்தது. கஸ்டாவைப் பார்த்தார்.

"யார் சொன்னது?"

"நீங்க... நீங்க சொன்னதா..." என்று கஸ்டாவ் விழுங்கினார்.

ஒரு வார்த்தையில் அல்சீத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டு அவர் போயிருக்கலாம். அவர் அவன் பக்கமே திரும்பவில்லை.

"என் பேரால நடந்திருக்கு, யூஃபெமி. ரிப்பன் வெட்ட ஆளை அனுப்பிட்டு, நான் வந்து பாக்கலை. அப்ப அது என் பொறுப்புதான்" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை.

"இல்ல!" அல்சீத் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேற்றில் முழங்காலிட்டான். "அவங்க முடியாதுன்னாங்க. ஊத்து மண்ணுன்னு எச்சரிக்கையும் பண்ணாங்க. நான்தான் பொய் சொன்னேன், மா யூஃபெமி. ஒரு படிக்கட்டுக்காக உன் பேரப்பிள்ளையைக் கொன்னுட்டேன்."

பொலிதோர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அடி விழுந்திருக்கும்.

"விடு அவனை!" அந்தப் பழைய அதட்டல் வந்துவிட்டது. "பொலிதோர், அவன் சொன்ன அன்னிக்கு என்கிட்ட வந்து நீ ஏன் கேக்கலை? இது சேறுன்னு உனக்குத் தெரியாதா?"

பொலிதோரின் கை தளர்ந்தது.

"நான் சொல்றேன். அவனுக்கு வளைச்சவ நாளைக்கு உனக்கும் வளைப்பான்னு காத்திருந்தே. நீ மட்டுமில்ல, இங்க நிக்கிற எல்லாரும்தான். அவன் சொன்னது ஒரு பொய். அதைக் கட்டிக் காப்பாத்தினது உங்க ஆசை. ஒரு தலைவி ரோடு போட்டுக் குடுக்கலாம், விளக்குக் கம்பம் நடலாம். அதை ஆளாளுக்குத் தன் வாசலுக்கு இழுத்தா அது யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்க்காது."

அல்சீத் எழுந்து கடைக்குள் போனான். சங்கை எடுத்து வந்து சிமெண்டுப் படியில் நின்று ஊதினான்.

ஒருவரும் அசையவில்லை. மறுபடி ஊதினான். தேர்தலில் ஊதிய மூச்சில் பாதிகூட இல்லை. உதடு துடித்ததில் சங்கு அழுவதுபோலக் கேட்டது.

முதலில் நகர்ந்தது மா யூஃபெமி. கடையைச் சுற்றி நடந்து, கீழ்ச்சட்டத்துக்கு அடியில் ஒரு மூங்கிலைச் செருகி, குனிந்து தோள் கொடுத்தாள். மிஸ் ஒனோரின் செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"மா..." என்று வாயெடுத்தான் அல்சீத்.

"உனக்காக வரலைடா" என்றாள் யூஃபெமி, நிமிராமலே. "உன்னை நான் மன்னிக்கவும் இல்ல. என் மகளுக்கு இன்னொரு பிள்ளை பிறக்கும். அது போறதுக்கு ரோடு நேரா இருக்கணும். நின்னு பாக்காத. மூலையைப் பிடி."

அப்புறம்தான் ஊர் வந்தது. பாட்டில்கள் உள்ளே கிணுகிணுக்க, கடை மெல்ல நடந்து எதிர்ப்பக்கம் போயிற்று. சிமெண்டுப் படி மட்டும் தனியாக அங்கேயே நின்றது. அதை உடைக்கச் சம்மட்டியை எடுத்தவன் அல்சீத்.