இரட்டை இடக்கையன் பிறந்த கதை

படக்கதை வில்லன்களிலேயே உருப்படாதவன் யாரென்று கேட்டால் இரட்டை இடக்கையனைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு கையும் இடது கை, அவ்வளவுதான் அவன் பெருமை. பறக்க மாட்டான், மறைய மாட்டான். எப்போதாவது ஓர் இதழில் தலைகாட்டி, பெட்டகத்தின் பிடியைத் தப்புப் பக்கம் திருகிக்கொண்டு நிற்கும்போது நாயகனிடம் நாலு அறை வாங்கிக்கொண்டு போவான். இந்தப் பிரகிருதிக்கு ஒரு பூர்வகதை எழுதிச் சிறப்பிதழ் போடப்போவதாக ஆசிரியர் சொன்னபோது பலூன்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் எதனால் பிறந்தான் என்பது அந்த அலுவலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவர் அவனை வரைந்த சக்கரவர்த்தி.

பத்திரிகை அட்டையில் ‘ஓவியச் சக்கரவர்த்தி’ என்று போட்டுக்கொள்வதால் அவருக்கு அந்தப் பெயர். ஒரு காலத்தில் அவளுக்குப் புருஷன். பேசுகிற ஆளின் வாய்க்கு மேலே வரும் பலூனுக்குள் வசனத்தைக் கையால் எழுதுவது அவள் வேலை, அதனால் அவள் பலூன்காரி. இப்போது அலுவலகத்தில் அவர் மாடியில், இவள் கீழே. அவர் வரைந்த பக்கங்கள் ஆசிரியர் மேசை வழியாக இவளிடம் வரும். முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

கை வரைவதுதான் ஓவியர்களுக்குப் பெரிய தலைவலி. பென்சில் பிடித்திருக்கும் வலது கையைப் பார்த்து வரைய முடியாது. சும்மா இருக்கும் இடது கையைத்தான் மாதிரியாக வைத்துக்கொள்வார்கள். வலது கை வேண்டுமென்றால் அதே இடது கையைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்து வரைவார்கள். இது எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் சக்கரவர்த்திக்கு அந்தக் கண்ணாடியைச் சுவரில் மாட்டினால் ஆகாது. பெண்டாட்டி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி அது. கை வரைந்து முடிந்த பிறகும் கீழே வைக்க விடமாட்டார். மீசையை ஒதுக்குவார், தாடையைத் தூக்கிப் பார்ப்பார், பக்கவாட்டில் ஒரு தடவை பார்ப்பார். அழகு ராஜா!

ஒருநாள் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கைக்குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. வீல் என்ற சத்தம் கேட்டு அவள் பதறித் திரும்பினாள். அவர் தாளிலிருந்து பென்சிலைக்கூட எடுக்கவில்லை.

“கண்ணாடி ஆடுது. ஒழுங்காப் பிடி,” என்றார்.

அவ்வளவுதான். இடுப்பில் குழந்தை, கக்கத்தில் கண்ணாடி, அப்படியே படியிறங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் அவர் வரைந்த பக்கத்தில் வங்கி வாசலில் ஒரு திருடன் நின்றான், இரண்டு இடது கையோடு. யாரும் கவனிக்காமல் அச்சாகியும் விட்டது. வாசகர்கள் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். ஆசிரியர் காரியக்காரர், தப்பையே ஆளாக்கி அடுத்த இதழில் வில்லனாக இறக்கிவிட்டார். சக்கரவர்த்தியோ மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம். ‘யோசித்துத்தான் வரைந்தேன், கண்ணாடி பார்த்து வரைகிறவன் கலைஞனா?’ என்று மாடி முழுக்கப் பிரசங்கம் செய்தார். அன்று முதல் அவர் வரைந்த ஆட்களுக்கெல்லாம் வலது கை சட்டைப்பைக்குள்ளே இருக்கும், இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மனுஷனுக்கு வீம்பு இருக்கலாம், ஒரு கண்ணாடி வாங்கக்கூட விடாத வீம்பா? தூ!

சிறப்பிதழ்க் கதையைத் தானே எழுதுவதாகச் சொல்லி வரைந்தும் அனுப்பினார். பக்கங்கள் மேசைக்கு வந்தன. பலூன்காரி சிரித்த சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று.

கதைப்படி இடக்கையன் ஒரு மாபெரும் சிற்பி. அவன் பெண்டாட்டி சூனியக்காரி. புருஷன் புகழ் பொறுக்காமல் அவன் வலது கையை மாயக் கண்ணாடியில் இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். அந்த இடத்தில் இன்னோர் இடது கை முளைத்துவிடுகிறது. அந்தச் சூனியக்காரிக்கு இவள் முகம். இவள் தெத்துப்பல், இவள் மோவாய் மச்சம், ஒன்று விடவில்லை. ‘உன் புகழ் என் கண்ணை உறுத்துகிறது!’ என்று அவள் கொக்கரிக்கும் பலூனை இவளே தன் கையால் எழுத வேண்டுமாம்.

தன்னை என்ன சொன்னாலும் அவள் துடைத்துப் போட்டுவிடுவாள். ஆனால் மகள் வகுப்பில் இந்தப் பத்திரிகையைப் படிக்காத பிள்ளை கிடையாது. பள்ளிக்கூட வாசலில் தினமும் இந்த முகத்தைப் பார்க்கிறவர்கள். சூனியக்காரி மகள் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டால் படிப்பு முடிகிறவரை போகுமா? 

ஆசிரியரிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். சக்கரவர்த்தி கோபித்துக்கொண்டு போய்விட்டால் பத்திரிகையே படுத்துவிடும், நாளைச் சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும், நீயே கேட்டுப் பாரம்மா என்று நழுவினார். முதுகெலும்பு என்கிற வஸ்துவைப் படத்தில்கூடப் பார்க்காத மனிதர்.

மறுநாள் காலையில், வீட்டில் கைகழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த அந்த அம்மா வீட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். பாதிப் பின்னலோடு நின்ற மகள் ஏன் என்று கேட்டதற்கு வந்து சொல்கிறேன் என்றாள். நேரே மாடியேறி, சக்கரவர்த்தியின் மேசைமேல் அதை வைத்தாள். மற்ற ஓவியர்கள் தலையைத் தூக்காமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டார்கள்.

“இந்தாங்க. இதை நீங்களே வச்சுக்குங்க. அந்தப் பொம்பளை முகத்தை மட்டும் மாத்திடுங்க.”

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கண் கண்ணாடியிலேயே இருந்தது. கை தானாக மீசைக்குப் போயிற்று.

“யாரும் பிடிக்க வேண்டாமா?” என்று கேட்டார்.

“சுவத்துல ஆணி அடிச்சா அது பிடிச்சுக்கும்,” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

பழி வாங்கப் புறப்பட்ட வீரர் ஒரு பழைய கண்ணாடிக்கு அந்தப் பழியை விற்றுவிட்டார். சாயங்காலத்துக்குள் முகங்கள் மாறி, சூனியக்காரியின் ஒளிந்திருந்த கையும் வெளியே வந்து, பக்கங்கள் திரும்பி வந்தன. தெத்துப்பல் இல்லை, மச்சம் இல்லை. பலூன்காரி புதிய முகத்தை ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். பேனாவை எடுத்து, ‘உன் புகழ் என் கண்ணை உறுத்துகிறது!’ என்று அவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தாள்.

சிறப்பிதழ் வந்த அன்று மகள் சாப்பிடும்போதே அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் நின்றாள். முதல் பக்கத்தில் போட்டிருந்த சக்கரவர்த்தியின் போட்டோவைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி அந்தப் பக்கத்துக்கு வந்தாள்.

“அம்மா, இந்தச் சூனியக்காரி அப்பா ஜாடையா இல்ல? மீசைய எடுத்துட்டு முடி மட்டும் வச்ச மாதிரி இருக்கு.”

அதே மூக்கு. தூக்கிப் பிடித்த அதே தாடை. கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு வேறு யாரைத்தான் வரைவார்?

“அவருக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாது. இனிமேலும் தெரியாது.”

மகள் குனிந்து படத்தை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். “இவளுக்கும் ரெண்டும் இடது கைதாம்மா. கை வரையத்தான கண்ணாடி கொண்டுபோய்க் குடுத்தே?”

பலூன்காரி தன் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். தொட்டிக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது.

“சாப்பிட்டு எழுந்திரு. கடைக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கிட்டு வந்துடலாம்.”